வைக்கோலும் வெயிலும்

அறக்கட்டளை நிறுவிக் கல்வி வளர்ப்பது புதுச்சேரி மண்ணுக்குப் புதிய பழக்கமன்று. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட பாகூர்ச் செப்பேடு, பாகூரில் இருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் எழுதிவைக்கப்பட்ட செய்தியைச் சொல்கிறது. கல்விக்குச் சோறு போட்ட மண் இது. அந்தச் சோற்றின் மறுபாதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நெல்லை மனிதர் எடுத்துக்கொண்ட பிறகு மாட்டுக்கு மிஞ்சுகிற வைக்கோல், கோடையில் அந்த மாட்டின் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதே என் பொருள்.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்கிறோம். பாகூர் ஏரியும் தென்பெண்ணையும் அந்தப் பக்கம். ஊசுட்டேரியும் சங்கராபரணியும் வில்லியனூர்ப் பக்கம். நெல் விளைகிற இடத்தில் வைக்கோல்தான் மாட்டின் அடிப்படை உணவாகும். பாகூர், வில்லியனூர் என்ற இந்த இரண்டு கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் வழக்கமான காட்சி என்ன? வீட்டுக்கு ஒன்றிரண்டு கலப்பினக் கறவை மாடுகள், பெரும்பாலும் ஜெர்சி வழி வந்தவை. தெருவோரத்தில் ஒரு வைக்கோல்போர். தொட்டியில் கழுநீர், தவிடு, ஒரு கை புண்ணாக்கு. கறவை நேரத்தில் கடையில் வாங்கிய மாட்டுத்தீவனம். கோடை முற்றியதும் மாடு இரைக்கிறது, வாய்நீர் ஒழுகுகிறது, வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்குகிறது, பால் குறைகிறது, பருவத்துக்கு வருவது தெரியாமலே போகிறது. “வெயில் தாங்கல” என்று சொல்லி ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது வழக்கம். நான் சொல்லவருவது இதுதான்: மாடு தாங்காமல் போவதில் ஒரு பகுதிக்குத்தான் வானம் பொறுப்பு. இன்னொரு பகுதி, துணையில்லாத வைக்கோலை வேளைகெட்ட வேளையில் போடுவதால் அதன் வயிற்றிலேயே உண்டாகிறது. அந்தப் பகுதியை நாம் குறைக்க முடியும். அதற்குத் தேவையானதில் பெரும்பங்கு கொம்யூன் எல்லைக்குள்ளேயே கிடைக்கிறது.

முதலில் வானத்தின் பங்கைப் பார்த்துவிடுவோம். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து மாட்டின் துன்பத்தை அளக்க முடியாது. காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ‘வெப்ப-ஈரப்பதக் குறியீடு’ என்ற அளவை உலகெங்கும் கால்நடை அறிஞர்கள் பயன்படுத்துகிறார்கள். அது 72ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குச் சுமை தொடங்குகிறது என்பது பழைய கணக்கு. அதிகம் பால் தரும் இன்றைய மாடுகளுக்கு 68 என்றே அரிசோனா ஆய்வாளர்கள் 2009இல் கீழே இறக்கினார்கள். உள்நாட்டு ஊர் ஒன்றில் 38 டிகிரி வெயிலும் 30 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் குறியீடு 84 வருகிறது. கடலோர ஊரில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் 85ஐத் தாண்டிவிடுகிறது. நான்கு டிகிரி குறைவு என்று நாம் ஆறுதல் அடையும் இடத்தில் மாட்டுக்குச் சுமை ஒரு படி கூடுதல். இரவுக் கணக்கு இன்னும் மோசம். 28 டிகிரி, 80 விழுக்காடு ஈரம் என்று வைத்துக்கொண்டால் குறியீடு ஏறக்குறைய 80. பகலில் ஏறிய சூட்டை மாடு இரவில் இறக்கி வைக்க வேண்டும். வறண்ட நாட்டு மாட்டுக்கு அந்த இரவு கிடைக்கிறது. கடலோர மாட்டுக்குச் சித்திரை முதல் ஆவணி வரை அது முழுதாகக் கிடைப்பதில்லை. நம் கலப்பின மாடுகள் ஐரோப்பிய மாடுகளைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். எனினும் 80 என்ற எண் அவற்றுக்கும் சுகமான இரவன்று.

காற்று மாட்டுத்தோலின் சூட்டை நெருங்கிவிட்டால் வெப்பத்தை வெளியே தள்ள ஒரே வழிதான் மிச்சம்: வியர்வையும் மூச்சுக்காற்றின் ஈரமும் ஆவியாவது. காற்றே ஈரமாக இருக்கும்போது அந்த வழியும் பாதி அடைபடுகிறது. வெளியேறும் வாசல் குறுகிப்போனால் உள்ளே உற்பத்தியாகும் சூட்டின் கணக்கைப் பார்ப்பதுதானே முறை? ஆனால் ஊரில் நடக்கும் பேச்சு முழுவதும் வெளிச்சூட்டைப் பற்றியதாகவே இருக்கிறது. அசைபோடும் விலங்கின் முதல் வயிறு ஒரு பெரிய நொதிக்கலம். அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்து அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்கள்தான் மாட்டின் எரிபொருள். நொதித்தலும் சூடு தருகிறது. அமிலங்களை உடம்பு பயன்படுத்தும்போதும் சூடு பிறக்கிறது. மாடு வெயிலில் தீனியைக் குறைத்துக்கொள்வது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். அடுப்பில் விறகைக் குறைப்பது போன்றது. ஆகவே ‘எப்படியாவது தின்ன வை’ என்பது சரியான அறிவுரையாகாது. ஒவ்வொரு பிடி தீனிக்கும் குறைந்த சூடும் கூடுதல் பயனும் கிடைக்கும்படி பார்ப்பதுதான் நம் வேலை.

இதற்கு அமெரிக்கப் பாடநூல்கள் தரும் விடை எளிது: நாரைக் குறை, தானியத்தைக் கூட்டு, கொழுப்பைச் சேர், பொட்டாசியம் கொடு. இந்த விடை அப்படியே மொழிபெயர்க்கப்பட்டு நம் துண்டறிக்கைகளுக்குள்ளும் வந்துவிட்டது. அரிசோனா மாடும் புளோரிடா மாடும் மக்காச்சோளப் பதனப்புல்லும் குதிரைமசாலும் தின்று நாளுக்கு 30, 40 லிட்டர் கறப்பவை. பாகூர் மாடு வைக்கோல் தின்று எட்டோ பத்தோ லிட்டர் கறப்பது. இரண்டின் உடம்பிலும் சூடு ஏறுகிறது என்பதால் இரண்டுக்கும் ஒரே மருந்து பொருந்தும் என்று ஆகிவிடாது.

வைக்கோலின் இயல்பைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அதில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யத் தீனியில் குறைந்தது ஏழு விழுக்காடு புரதமாவது வேண்டும். அது இல்லாதபோது நார் மெதுவாகச் செரிக்கிறது, வயிறு அடைத்தே கிடக்கிறது, மாடு மேலும் தின்ன மறுக்கிறது. செரித்ததும் பெரும்பாலும் அசிட்டிக் அமிலமாகவே வருகிறது. 1957இல் ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிலையத்தில் ஆம்ஸ்ட்ராங்கும் பிளாக்ஸ்டரும் பட்டினியிலிருந்த ஆடுகளுக்கு இந்த அமிலங்களைத் தனித்தனியே செலுத்திச் சூட்டை அளந்தார்கள். அசிட்டிக் அமிலத்தின் ஆற்றலில் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு வெறும் சூடாகப் போனது. புரொப்பியானிக் அமிலத்தில் சுமார் 14 பங்குதான். நாரென்றாலே சூடு என்ற முடிவுக்குப் பலர் இங்கிருந்துதான் வந்தார்கள். ஆனால் 1966இல் ஓர்ஸ்கோவும் ஆலனும் நல்ல தீனியோடு சேர்த்து அதே அமிலத்தை வளரும் ஆடுகளுக்குக் கொடுத்தபோது அந்தப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரண்டு முடிவுகளும் உண்மையென்றால் பொருள் ஒன்றுதான். அசிட்டிக் அமிலம் இயல்பிலேயே வீணாவதில்லை. அதைக் கொழுப்பாகவும் பாலாகவும் மாற்ற உடம்புக்கு வேண்டிய துணைப்பொருள்கள், அதாவது குளுக்கோசும் அமினோ அமிலங்களும், கூட இல்லாதபோதுதான் அது எரித்துத் தீர்க்கப்படுகிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெங், 1990இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுக்கட்டுரையில் இந்த இழையைப் பிடித்துக்கொண்டு வெப்பநாட்டு மாடுகளின் பக்கம் வந்தார். வைக்கோல் போன்ற தீனியைத் தின்னும் மாடு வெயிலில் தீனி குறைப்பதற்குக் காரணம் வெயில் மட்டுமன்று, புரதத்துக்கும் ஆற்றலுக்கும் இடையிலான பொருத்தக்கேடும்தான். அந்தப் பொருத்தத்தைச் சரிசெய்தால் வீண்சூடு குறைந்து அதே வெயிலில் மாடு கூடுதலாகத் தின்னும் என்பது அவர் வாதம். புதுச்சேரிக்கு இதைவிட நெருக்கமான வாதம் வேறொன்றில்லை என்று கருதுகிறேன். நம்மிடம் வைக்கோலைக் குறைத்துவிட்டுப் போடுவதற்கு மாற்று நார்த்தீனி எங்கே இருக்கிறது? மனைப்பிரிவுகள் வயலைத் தின்றுகொண்டிருக்கும் கொம்யூன்களில் ஏக்கர்கணக்கில் தீவனப்புல் வளர்க்கச் சொல்வது வெறும் ஆசை. வைக்கோல் இருக்கட்டும். அதற்குத் துணை சேருங்கள்.

துணை என்பதை விரித்துச் சொல்கிறேன். வரப்பில் நிற்கும் அகத்தி, வேலியில் நிற்கும் கிளைரிசிடியா, சவுண்டல், கல்யாண முருங்கை, சிறு பாத்தியில் வளரும் வேலிமசால் ஆகியவற்றில் ஏதேனும் நாளுக்கு மூன்று நான்கு கிலோ கிடைத்தால் வைக்கோலில் இல்லாத புரதமும், காய்ந்த தாளில் அறவே அழிந்துபோன வைட்டமின் ஏ-வின் மூலப்பொருளும் வந்துவிடுகின்றன. சவுண்டலை மட்டும் அளவோடு போடவேண்டும். அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு மிகுந்தால் மயிர் உதிரும். பாசன மூலையில் பத்து சென்ட் கிடைத்தாலும் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் நட்டுவைக்கலாம். அது வைக்கோலை முழுதாக விரட்டாது, ஆனால் அதன் பக்கத்தில் உட்காரும். புண்ணாக்கைப் பொறுத்தவரை நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு திருத்தம் வேண்டும். கடலைப் புண்ணாக்கின் புரதம் பெரும்பாலும் முதல் வயிற்றிலேயே கரைந்து அம்மோனியாவாகிவிடுகிறது. நுண்ணுயிர்களுக்குக் கொஞ்சம் அம்மோனியா வேண்டும்தான். மிஞ்சியதை யூரியாவாக்கி வெளியேற்ற மாடு ஆற்றலைச் செலவிடுகிறது, அதுவும் சூடுதான். தேங்காய்ப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலும் கணிசமான புரதம் முதல் வயிற்றைத் தப்பித்துக் குடலில் செரிக்கிறது. லெங் கேட்ட துணை அதுவே. ஈரக் காற்றில் கிடக்கும் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நச்சு சேர்ந்து பாலுக்கும் வந்துவிடும் என்பது இன்னொரு காரணம். பாதிக்குப் பாதி மாற்றினாலே போதும்.

பருத்திக்கொட்டைக்கு இங்கே தனியாக ஒரு சொல். வெயிற்காலத்தில் மாட்டுக்குக் கொழுப்பு கொடுங்கள், அது செரிக்கும்போது சூடு குறைவு என்பது அறிவியல் ஒப்புக்கொண்ட கருத்து. அதற்காகப் ‘பைபாஸ் கொழுப்பு’ என்ற பொடி விற்கப்படுகிறது. முழுப் பருத்திக்கொட்டையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கிறது, 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம் இருக்கிறது, நாரும் இருக்கிறது. எண்ணெய் கொட்டைக்குள்ளேயே அடைபட்டு மெல்ல மெல்ல வெளிவருவதால் முதல் வயிற்று நுண்ணுயிர்களைப் பாதிப்பதில்லை. நம் முன்னோர் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை போட்டதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. ஆனால் நாம் அதை ஊறவைத்து அரைத்துப் பாலாக்கித் தொட்டியில் கரைக்கிறோம். அரைத்த நொடியில் எண்ணெய் விடுபட்டு நார் செரிப்பதைத் தடுக்கிறது. கொட்டையின் சிறப்பே அரைபடாமல் இருப்பதில்தான். ஊறவைத்து முழுதாகவோ, ஒன்றிரண்டாக இடித்தோ, நாளுக்கு அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை கொடுத்தால் போதும். கன்றுகளுக்குக் கொடுக்கவேண்டாம், அதிலுள்ள காசிபால் என்ற நச்சை அவற்றால் தாங்கமுடியாது.

யூரியா ஊட்டிய வைக்கோலைப் பற்றிக் கேட்பீர்கள். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் அதன் புரத அளவு ஏறக்குறைய இருமடங்காகிறது, செரிமானமும் கூடுகிறது. அறிவியலில் குறையில்லை. இலங்கையில் 1980களில் வைக்கோல் பயன்பாட்டுக்கென்றே ஒரு திட்டம் நடந்தது. இந்தியாவிலும் எத்தனையோ செயல்விளக்கங்கள் நடந்தன. உழவர்கள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், வீட்டுக்குப் போய்ச் செய்யவில்லை. அவர்களைக் குறைசொல்ல நான் தயாரில்லை. ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அந்தத் தண்ணீரும் தார்ப்பாயும் ஆள்கூலியும் கட்டுப்படியாவதில்லை. தவறுதலாக யூரியாவைக் கழுநீரில் கரைத்துவிட்டால் மாடே போய்விடும் என்ற அச்சமும் நியாயமானது. ஆகவே அதை நான் முன்னிறுத்தவில்லை. அதே வேலையைச் சிறிய அளவில், ஆபத்துக் குறைவாகச் செய்வது யூரியா-வெல்லப்பாகுக் கட்டி. தேசியப் பால்வள வாரியம் 1980களிலேயே ஆனந்தில் அதைப் பரப்பியது. மாடு நக்கிக்கொள்ளும், நாளெல்லாம் சிறுகச் சிறுக நைட்ரஜன் இறங்கும்.

இனிக் கஞ்சி. இந்த இடத்தில் ஊரோடு முரண்பட வேண்டியிருக்கிறது. கஞ்சியும் கூழும் உடம்புக்குக் குளிர்ச்சி என்பது நம் நம்பிக்கை. மனிதருக்கு அது பொருந்தட்டும். அதே எண்ணத்தில், வெயிலில் வாடும் மாட்டுக்கு அரிசிக்கஞ்சியையும் மிஞ்சிய சோற்றையும் வாளிவாளியாக வைக்கிறோம். மாடு இரைக்கும்போது கரியமில வாயு மிகுதியாக வெளியேறுகிறது. இரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. அதைச் சமப்படுத்தச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. அந்தப் பைகார்பனேட்டுதான் எச்சிலில் கலந்து முதல் வயிற்றின் புளிப்பை ஆற்றவேண்டியது. இருக்கிற எச்சிலும் வாயோரம் ஒழுகி மண்ணில் விழுகிறது. போதாததற்கு மாடு அசைபோடுவதையும் குறைத்துவிடுகிறது. இப்படிப் புளிப்பை ஆற்றும் வலு குறைந்திருக்கும் வேளையில், மிக விரைவாக நொதிக்கும் வெந்த அரிசி உள்ளே போனால் வயிறு புளித்துவிடுகிறது. பொங்கலன்று அளவுக்குமீறிப் பொங்கல் தின்ற மாடு விழுந்துகிடப்பதைக் கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். கோடையில் அதே கேடு சிறிய அளவில், நாள்தோறும், யார் கண்ணுக்கும் படாமல் நடக்கிறது. பாலில் கொழுப்புக் குறைந்து பால் கூட்டுறவுச் சங்கத்தில் விலை குறைவதும், பிறகு கால் குளம்பு நோவதும் அதன் அடையாளங்கள். கழுநீர் வைக்கலாம், அது தண்ணீர்தான். சோற்றை நிறுத்துங்கள். தானிய மாவைக் கூட்டச் சொல்லும் அயல்நாட்டு அறிவுரையையும் இதே காரணத்துக்காகத்தான் நான் ஐயத்தோடு பார்க்கிறேன்.

உப்பு விஷயத்திலும் அப்படியே. மனித வியர்வையில் சோடியம் மிகுதி. மாட்டு வியர்வையில் பொட்டாசியம் மிகுதி. அதனால் பொட்டாசியம் கொடு என்கிறார்கள். வைக்கோலிலும் நேப்பியர்ப் புல்லிலும் பொட்டாசியத்துக்குப் பஞ்சமில்லை. நம் தீனியில் குறைவது சோடியம், சுண்ணாம்புச்சத்து, மணிச்சத்து. போதாக்குறைக்கு வைக்கோலின் ஆக்சலேட் இருக்கிற சுண்ணாம்புச்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆக, 30 முதல் 50 கிராம் கல்லுப்பு, 50 கிராம் தாதுஉப்புக் கலவை, இரைக்கும் மாட்டுக்கு 50 முதல் 100 கிராம் சோடா உப்பைத் தீவனத்தில் கலந்து இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். கன்று ஈன மூன்று வாரமே இருக்கும் சினை மாட்டுக்குச் சோடா உப்பு கூடாது. ஈன்றதும் பால்காய்ச்சல் வரும் வாய்ப்பை அது கூட்டும். கடலையொட்டிய ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பேறி வருகிறது. அங்கே உப்பை அளப்பதற்கு முன் தண்ணீரை அளக்கவேண்டும். லிட்டருக்கு 3000 மில்லிகிராமைத் தாண்டிய உப்பு நீரை மாடு தயங்கித்தான் குடிக்கும். 5000க்கு மேல் கறவைக்கும் சினைக்கும் ஆகாது. தண்ணீர் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லியாகவேண்டும்: பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். இரண்டு வேளை வாளியில் காட்டிவிட்டு எடுத்துப்போகும் பழக்கத்தைவிட மோசமான தீவனக்குறை வேறில்லை. நிழலில் ஒரு தொட்டி, எந்நேரமும் நிறைந்த தண்ணீர். செலவில் மிகக் குறைந்ததும் பலனில் மிகப் பெரியதும் இதுதான். ஈஸ்ட், நியாசின், குரோமியம் என்று கடைகளில் அடுக்கியிருப்பவை பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. ஈஸ்டுக்கு ஓரளவு சான்று உண்டு. நியாசினுக்கு வந்த முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தண்ணீர்த்தொட்டி வைக்காத வீட்டில் இவற்றுக்கெல்லாம் இடமேயில்லை.

மறுப்புகளுக்கு வருகிறேன். தீனியை மாற்றி என்ன ஆகப்போகிறது, நிழலும் விசிறியும் அல்லவா முதலில் என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். அரிசோனாவில் ஒரு சோதனை நடந்தது. வெயிலில் வாடிய மாடு தின்ற அளவையே குளிர்ந்த இடத்தில் நின்ற மாட்டுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பால் இழப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைக்கும்தான் தீனிக்குறைவு காரணமென்று இத்தகைய சோதனைகளில் தெரிந்தது. மீதி, சூடு நேரடியாக உடம்பின் வளர்சிதை மாற்றத்தைக் குலைப்பதால் வருவது. அதைத் தீவனத்தால் முழுதும் ஈடுசெய்ய முடியாது. தகரக் கூரையின் கீழே நிற்கும் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைப்பதில் அர்த்தமில்லை. கூரைமேல் தென்னங்கீற்றுப் போடுவதே முதல் வேலை. ஆனால் ஈரக்காற்றுள்ள கடலோரத்தில் பனித்தூவல் கருவிகள் வறண்ட நாட்டில் தரும் பலனைத் தருவதில்லை. உடம்பை நனைத்து விசிறியடிப்பது பலன் தரும்; அதற்கு மின்சாரமும் ஆளும் வேண்டும். வெளிச்சூட்டை இறக்கும் வழிகள் இங்கே குறைவு என்பதே உட்சூட்டை நாம் கவனிக்கவேண்டிய காரணம்.

நாட்டு மாட்டுக்குத் திரும்பினால் இந்தத் தொல்லையே இல்லை என்ற வாதமும் உண்டு. நாட்டு மாட்டின் உட்சூடு குறைவு, வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, வெயில் தாங்கும் திறன் மிகுதி; இவற்றில் ஐயமில்லை. ஆனால் பால் குறைவு. பால் பணத்தை நம்பிக் கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் எழுதியிருக்கும் பெண்ணிடம், அவர் மாட்டை விற்றுவிட்டு உம்பளாச்சேரி நாட்டு மாடு வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. இனத்தை மாற்றப் பல தலைமுறை வேண்டும். அடுத்த கோடை சில மாதங்களில் வந்துவிடும்.

செலவு என்பது மூன்றாவது மறுப்பு. இங்கே ஒரு கணக்குப் பிழை நடக்கிறது. பால் குறைந்த அன்று தீவனத்தைப் பார்க்கிறோம். கறவையில் தெரியும் சரிவு இரண்டு நாள் முந்திய வெயிலோடுதான் அதிகம் பொருந்துகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. வெயில் உச்சத்தில் இருக்கும்போது வைத்த உப்புக்கும் கொட்டைக்கும் பலன் தெரியவில்லை என்று நிறுத்துகிறோம். மறுநாள் மேகம் மூடி, அடுத்தடுத்த நாளில் பால் ஏறும்போது வேறெதற்கோ பெருமை போகிறது. இதைவிடப் பெரிய பிழை கறவை வற்றிய மாட்டிடம் நடக்கிறது. பால் இல்லை, ஆகவே வைக்கோல் மட்டும் போதும் என்று அதை வெயிலில் கட்டுகிறோம். ஈனுவதற்கு முந்திய ஏழெட்டு வாரம் வெயிலில் வாடிய மாடு அடுத்த ஈத்து முழுவதும் குறைவாகக் கறக்கிறது என்றும், அதன் வயிற்றிலிருந்த பெண்கன்று வளர்ந்து கறவைக்கு வரும்போதும் அந்தக் குறை தொடர்கிறது என்றும் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. அகத்திக் கட்டில் முதல் பங்கு அந்த மாட்டுக்குத்தான்.

கடைசியாக, கடிகாரம். நொதிச்சூடு தீனி போட்ட மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சத்தை எட்டுகிறது. மாட்டின் உடல்வெப்பமோ காற்றின் வெப்பம் உச்சிக்குப் போய்ச் சில மணி நேரம் கழித்தே உச்சியைத் தொடுகிறது. ஆகவே பொழுது விடியுமுன் ஒரு பங்கும், சூரியன் சாய்ந்த பிறகு இரண்டு பங்கும் என்று தீனியைப் பிரிப்பதே முறை. இரவில் வைக்கோலை உதறி உப்புநீர் தெளித்துப் போட்டால் மாடு அமைதியாகத் தின்று அசைபோடும். இதைச் சொன்னால் எந்த உழவரும் மறுக்கமாட்டார். ஆனால் அவர் கையில் கடிகாரம் இல்லை. அது பால் வண்டியின் கையில் இருக்கிறது. மாலைப்பால் என்று பெயரே தவிர, பல ஊர்களில் பிற்பகல் மூன்று மணியை ஒட்டியே கறவை. கறவைக்கு மாடு நிற்கவேண்டுமானால் முன்னால் தீவனம் வைக்கவேண்டும். நாளின் கடுமையான வேளையில் நாளின் கடுமையான தீவனம் உள்ளே போகிறது; அதன் சூடு ஆறேழு மணிக்கு உச்சத்தை அடையும்போது மாட்டின் உடம்பும் தன் உச்சத்தில் இருக்கிறது. கடற்காற்று கொண்டுவந்த ஈரம் அதன்மேல் போர்வையாகக் கிடக்கிறது. ஒரு தனி உழவரால் இதை மாற்ற முடியாது. சங்கத்தால் முடியும்.

நேரத்தைத் தள்ளினால் வண்டிகளின் சுற்று குலையும், பால் கெட்டுப்போகும் என்பது மறுப்பாக வரும். ஊரிலேயே குளிரூட்டும் தொட்டி இருக்கும் இடங்களில் இரண்டு மணி நேரத் தாமதம் பாலைக் கெடுக்காது. உச்சிவெயிலில் கேனில் நின்று வரும் பாலைவிட வெயில் தாழ்ந்து வரும் பால் நல்லதாகவே இருக்கும். விடியற்காலை ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும் கறந்தால் இரண்டு கறவைக்கும் நடுவே சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் வருகிறது. மடிக்கும் அது நல்லது. பாண்லே என்ற புதுச்சேரிக் கூட்டுறவுப் பால் ஒன்றியத்தையும் அதன் ஊர்ச் சங்கங்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: குருமாம்பேட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, வில்லியனூரில் இரண்டு ஊர், பாகூரில் இரண்டு ஊர் என்று தேர்ந்தெடுத்து, வருகிற பங்குனி முதல் ஆவணி வரை மாலைப் பால் எடுக்கும் நேரத்தை ஐந்து மணிக்குத் தள்ளிப் பாருங்கள். பாலின் அளவும் கொழுப்பும் உங்கள் பதிவேட்டிலேயே நாள்தோறும் எழுதப்படுகின்றன. வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை.